நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்

முதல் தாளைத் தூக்கிப் பிடித்தபடி
நர்ஸ் ஸ்லாவிட்சா கேட்டாள்:
"யாருடைய இதயம் இது, சிட்டுக்குருவியுடையதா?"
இடது மேல் மூலையில்
தீப்பெட்டி அகலத்துக்குள் துடித்து முடிந்திருந்தது
பத்து நொடி.
மீதித் தாள் முழுக்க வெள்ளை.

மாரிபோர், ஜனவரி.
டிராவா நதியின் மூடுபனி
மருத்துவமனையின் மூன்றாம் மாடிவரை ஏறியிருந்தது.
திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது:
பச்சைக் கோடு எழுந்து, குத்தி, அமர்ந்து, மறுபடி எழுந்தது.
நான் எண்ணியது புள்ளிகளில்.
திரையின் புள்ளி கடுகு என்றால்
அச்சுப்பொறியின் புள்ளி
கடுகை ஆறாய்ப் பிளந்ததில் ஒன்று.
தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து என்று
இரண்டிடமும் ஒரே எண்ணைச் சொன்னேன்.
இரண்டும் சொன்னபடி கேட்டன.
கீழ்ப்படிதலில் ஒரு குறையும் இல்லை.

வரைவதற்கு ஒரே ஒரு செயற்கூறுதான் என்னிடம்.
எதன்மேல் வரைகிறோம் என்று அதற்குத் தெரியாது,
தெரியக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.
யாரோ ஒரு பரப்பைக் கையில் கொடுப்பார்கள்;
கோடு போடும், பெயர் எழுதும், திருப்பிக் கொடுக்கும்.

திரை மறதிக்காரி.
வேறொரு சன்னல் மேலே வந்து விலகினால் போதும்,
இங்கே என்ன இருந்தது என்று என்னையே கேட்பாள்.
நாளுக்கு ஆயிரம் முறை கேட்பாள். நானும் சொல்வேன்.
காகிதம் ஒரு முறைதான் கேட்கும்.
பக்கம் முடிந்தது என்று சொல்லும்வரை
மூச்சுக் காட்டாது.
சொன்னபின் திருத்த வழியில்லை.

ஆகவே புள்ளிகளை விட்டு
மில்லிமீட்டரில் பேசப் பழகினேன்.
முதலில் வெற்றுத் தாள் வந்தது.
மூலப்புள்ளியை அடிவிளிம்புக்கு இறக்கினேன்.
கோடு வந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்:
நொடிக்கு இருபத்தைந்து, பிசகில்லை.
டாக்டர் ப்ரெடா தாளைப் பார்த்தார்.
தொலைபேசியை எடுத்தார்.

முகடெல்லாம் பள்ளம்.
திரையில் எண் கூடக்கூடக் கீழே போகும்,
மில்லிமீட்டரில் கூடக்கூட மேலே.
படித்துத்தான் இருந்தேன்.
ஒரு கழித்தல் குறி;
அதற்காக ஒரு மனிதரைத்
தீவிர சிகிச்சைக்கு அனுப்பப் பார்த்தேன்.
ஓடிப்போய் ரிசீவரின்மேல் வைத்த கை
இன்றும் அந்த விசையைத் தொடும்போது
சற்றுத் தயங்குகிறது.

பிறகு கோடு மெலிந்த கதை.
ஒரு புள்ளிக் கனம் அச்சில் சிலந்தி நூல்.
பெரிய குத்துக்கு முன்னால் வரும் குட்டி மேடு
இருக்கிறதா இல்லையா என்று
விளக்கடியில் மூன்று பேர் குனிந்து தேடினோம்.

பிறகு பெயர்.
ஹோச்செவாரின் பெயரில் ஓர் எழுத்துக்குத் தலைமேல் கூரை உண்டு,
எங்கள் மொழியில் அந்தக் குறிக்குப் பெயரே சின்னக் கூரை.
திரையில் கூரையோடு நின்ற எழுத்து
தாளில் வெறும் கட்டம்.
அச்சுப்பொறியின் எழுத்துருவில் அதற்கு இடமில்லையாம்.
"இப்போதே பெட்டியில் போட்டுவிட்டாயா?" என்றார் கிழவர்,
சிரித்ததில் மார்பின் ஒட்டுகள் இரண்டு கழன்றன.

இரவு பத்தரைக்கு எழுத்துருவை மாற்றினேன்.
மாற்றியதும் பெயரின் அகலம் மாறியது,
பிறந்த தேதியின்மேல் ஏறி உட்கார்ந்தது.
திரையில் அளந்த பெயர் தாளுக்கு உதவாது.
ஒவ்வொரு பரப்பிடமும் முதலிலிருந்து கேட்க வேண்டும்:
உன்னிடம் இவர் எவ்வளவு நீளம்?

வெள்ளிக்கிழமை சரியான தாள் வந்தது.
ஹோச்செவார் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்,
மேடு, குத்து, மேடு,
வலது விளிம்பில் விரல் நின்றது.
"இதற்கப்புறம்?"
"பத்து நொடிதான் தாள் கொள்ளும்" என்றேன்.

சொல்லாமல் விட்டது:
செயற்கூறு அங்கே நிற்பதில்லை.
விளிம்பைத் தாண்டியும் வரைந்துகொண்டே போகிறது,
பதினோராவது நொடி, பன்னிரண்டாவது.
தாள் ஏற்காது.
பிழை என்றும் சொல்லாது.

அவர் தாளை நாலாக மடித்துக்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஆறாம் எண் பேருந்தைப் பிடிக்க இறங்கினார்,
படி படியாக, கைப்பிடியைப் பிடித்தபடி.